கார்ட்டரும் நரம்புச் சிலந்தியும்

கேள்வி: ஜனாதிபதியாக இருந்தபோது கோட்டைவிட்ட ஜிம்மி கார்ட்டரை, பதவி போன பிறகு ஏழைகளுக்கு வீடு கட்டினார் என்பதற்காக மகான் ஆக்கிவிட்டார்களே? 'மோசமான ஜனாதிபதி, நல்ல முன்னாள் ஜனாதிபதி', அவ்வளவுதானே?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த ஒரு வரியோடு முடித்துக்கொள்ளலாம் என்றால் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் 1981 ஜனவரி 20ஆம் தேதி வெள்ளை மாளிகையை விட்டு வெளியே வந்ததும் அவர் வேறு ஆளாகிவிடவில்லை.

கடலை விவசாயி என்பது பாதிதான். கடற்படையின் அணு நீர்மூழ்கித் திட்டத்தில் வேலை பார்த்தவர். எந்தத் தாளையும் தானே படித்து, விடை கண்டுபிடித்து, அதை எல்லோரும் ஏற்றே தீர வேண்டும் என்று நிற்கிற பிடிவாதம். சொந்தக் கட்சி எம்.பி.க்களையே தட்டிக்கொடுத்து வேலை வாங்கத் தெரியாது. வாஷிங்டனில் அது எடுபடவில்லை.

அதே பிடிவாதம்தான் 1978 செப்டம்பரில் எகிப்து ஜனாதிபதி சதாத்தையும் இஸ்ரேல் பிரதமர் பெகினையும் சமாதானம் பேச, அமெரிக்க ஜனாதிபதிகளின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் 13 நாள் பிடித்துவைத்தது. இருவரும் நேரில் உட்கார்ந்தால் சண்டை. வரைவைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் குடிலுக்கும் அந்தக் குடிலுக்கும் நடந்தார் கார்ட்டர். கடைசி நாள் பெகின் முறுக்கிக்கொண்டபோது, அவருடைய பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்ட படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மனிதர் இளகிவிட்டார். மறு ஆண்டு கையெழுத்தான சமாதான ஒப்பந்தம் இன்றும் முறியவில்லை. பாலஸ்தீனர்களுக்கு அதில் மிஞ்சியது வெறும் வாக்குறுதி என்பது வேறு கதை.

சரி, மகானா? அதுவும் இல்லை. 1977இன் கடைசி நாள் இரவு விருந்தில் மன்னர் ஷாவின் ஈரானை 'நிலைத்தன்மையின் தீவு' என்று புகழ்ந்தவர் இவர்தான். ஓராண்டு கழித்து ஷா நாட்டைவிட்டே போனார். அப்புறம் அதே ஈரானில் 52 அமெரிக்கர்கள் 444 நாள் பிணைக்கைதிகள். மீட்கப் போன படையில் 8 பேர் பாலைவனத்திலேயே செத்தார்கள். மனித உரிமை பற்றி ஊருக்கெல்லாம் சொன்னவருடைய அரசு, கிழக்குத் திமோரை மிதித்துக்கொண்டிருந்த இந்தோனேசியாவுக்கு ஆயுதம் கொடுத்தது. இதையெல்லாம் வீடு கட்டிக் கழுவ முடியாது.

வீடு கட்டியதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். கையில் சுத்தியலோடு ஒரு முன்னாள் ஜனாதிபதி, படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும். நான் கவனிப்பது படத்துக்கு ஒவ்வாத ஒரு வேலையை. நம் ஊரில் நரம்புச் சிலந்தி என்பார்களே, அந்தப் புழு. குளத்துத் தண்ணீரில் இருக்கும் நுண்ணிய பூச்சியோடு வயிற்றுக்குள் போகும். ஏறக்குறைய ஓராண்டு உள்ளேயே வளரும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளத்தில் காலைப் பொத்துக்கொண்டு வரும். எரிச்சல் தாங்காமல் காலைத் தண்ணீரில் வைத்தால் புழு தன் குஞ்சுகளை அங்கே விடும். மறுபடி முதலிலிருந்து. இதற்குத் தடுப்பூசியும் கிடையாது, குணப்படுத்தும் மருந்தும் கிடையாது. தண்ணீரைத் துணியில் வடிகட்டு, புண்ணோடு குளத்தில் இறங்காதே. ஊர் ஊராக, வீடு வீடாக, வருடக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நான்கு வருடப் பதவிக்காரர் யாராவது தொடுவாரா?

பதவி போன பிறகு அவர் தொடங்கிய தொண்டு நிறுவனமான கார்ட்டர் மையம் 1986இல் இதில் இறங்கியபோது ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் பேருக்கு இந்த நோய். 1995இல் சூடானில் உள்நாட்டுப் போரையே சில மாதம் நிறுத்திவைக்கச் செய்து ஆட்களை ஊருக்குள் அனுப்பினார் மனிதர். 2015இல் புற்றுநோய் வந்தபோது, தனக்கு முன்னால் கடைசிப் புழு சாக வேண்டும் என்றார். 2024 டிசம்பர் 29 அன்று, 100 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டு உலகம் முழுக்க நரம்புச் சிலந்தி கண்டவர்கள் 15 பேர்.