காது கேளாத ராஜபாளையம் குட்டியை வளர்க்கலாமா?

கேள்வி: உறவினர் வீட்டில் ராஜபாளையம் நாய் ஈன்ற ஏழு குட்டிகளில் ஒன்றுக்குக் காது கேட்கவில்லை என்கிறார்கள். இரண்டரை மாதமாகிறது. வாங்க ஆள் வரவில்லை. எங்களுக்குச் சும்மாவே தருவதாகச் சொல்கிறார். வீட்டில் ஆறு வயது மகனும் மாமியாரும் இருக்கிறார்கள். காது கேளாத நாய் கடிக்கும், பழக்கவே முடியாது என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். எடுத்து வளர்க்கலாமா?
– வாசகி, விருதுநகர்

கால்நடை மருத்துவர் பதில்:

வளர்க்கலாம். ஆனால் உங்கள் வீட்டு வாசல் கேட் எப்படிப்பட்டது என்று நீங்கள் எழுதவில்லையே. காது கேளாத நாய்க்கு எமன் தெருவில்தான் காத்திருக்கிறான். பின்னால் வரும் லாரியின் ஹாரன் அதற்குக் கேட்காது. நீங்கள் போடும் கூச்சலும் கேட்காது. நாள் முழுவதும் திறந்தே கிடக்கும் வாசல் என்றால் இந்தக் குட்டி வேண்டாம்.

முதலில், உண்மையாகவே கேட்கவில்லையா என்று பாருங்கள். குட்டியைத் தனியாகப் படுக்கவைத்து, நன்றாகத் தூங்கியபின் அதன் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். அருகில் கைதட்டாதீர்கள், தரையை மிதிக்காதீர்கள். காற்றசைவிலும் அதிர்விலும் விழித்துக்கொள்ளும். நீங்கள் காது கேட்கிறது என்று ஏமாந்துபோவீர்கள். மற்றக் குட்டிகளோடு படுத்திருக்கும்போது சோதிப்பதும் வீண். அவை எழுந்தால் இதுவும் எழும். ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி இந்தச் சோதனையில் அகப்படாது. அதற்கு மூளைத்தண்டின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் கருவி வேண்டும்; எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை. ஒரு காது கேட்டாலே வளர்ப்பில் பெரிய சிரமம் கிடையாது.

2005இல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் அவற்றில் ஒன்று. தபால்தலை ஏறிய அந்தத் தூய வெள்ளைதான் இங்கே சிக்கல். தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். ஒலியை உணரும் செல்களுக்கு ஊட்டம் தரும் படலம் அவற்றை நம்பித்தான் வேலை செய்கிறது. வெள்ளை நிறத்துக்கான மரபணுக்கள் சில குட்டிகளில் அந்தச் செல்களை உள்காது வரை போகவிடுவதில்லை. பிறந்து மூன்று நான்கு வாரங்களுக்குள் ஒலியுணரும் செல்கள் மடிந்துவிடும். வெள்ளை உடலில் புள்ளிகள் கொண்ட டால்மேஷன் நாய்களிலும் இதே கதைதான். மடிந்தவை திரும்ப முளைப்பதில்லை. பூண்டு காய்ச்சிய எண்ணெயை ஊற்றினால் சரியாகும் என்று யாராவது வருவார்கள், தயவுசெய்து விடாதீர்கள்.

இனி, கடிக்கும் என்ற பயம். காது கேளாததால் எந்த நாயும் வெறிகொள்வதில்லை. தூக்கத்தில் திடீரெனத் தொட்டால் திடுக்கிட்டுப் பல் படலாம், அவ்வளவுதான். அதைக் குட்டியிலேயே மாற்றிவிடலாம். தூங்கும்போது மூக்கின் அருகே உங்கள் கையை நீட்டுங்கள். வாசனையிலேயே பாதி விழிக்கும். பிறகு தோளில் மெல்லத் தொடுங்கள். கண் திறந்ததும் வாயில் ஒரு துண்டு அவித்த கோழி. நாளுக்குப் பத்துமுறை இதைச் செய்தால், தொட்டு எழுப்புவது என்றாலே தீனி என்று அதன் மனதில் பதிந்துவிடும். படுக்கையை நடைபாதையில் போடாமல் ஒரு மூலையில் போடுங்கள். தூங்கும் நாயைத் தொடக் கூடாது என்பது உங்கள் மகனுக்கு விலக்கில்லாத விதி. பல் பட்டுவிட்டால், விளையாட்டுக் கடியாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகளை அதற்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். போட்டாயிற்றா என்று உறவினரிடம் கேளுங்கள்.

பழக்குவதற்குச் சொல் வேண்டியதில்லை. நாய்கள் நம் வாயைவிட உடம்பைத்தான் கூர்ந்து பார்க்கும். முதல் பாடம் ஒன்றே: குட்டி தானாக உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, உடனே தீனி கொடுங்கள். அதுதான் 'சபாஷ்'. உட்கார, வர, நிற்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகை போதும். மறுகையில் நாயைப் பிடிக்கும் வார் இருக்குமாதலால் எல்லாம் ஒற்றைக்கைச் சைகைகளாக இருக்கட்டும். நீங்கள் ஒன்று, மாமியார் இன்னொன்று என்று காட்டினால் குட்டி குழம்பிவிடும். இரவில் தோட்டத்திலிருந்து அழைக்க, வாசல் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுங்கள். கழுத்தில் கட்டும் அதிர்வுப் பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். மின்சார அதிர்ச்சி தராத வகையாக இருந்தால் பின்னாளில் முயன்று பார்க்கலாம், இப்போதைக்குச் செலவு வேண்டாம்.

வெளியே போனால் எப்போதும் வார். எவ்வளவு பழகிய நாயானாலும் இதில் சலுகை கிடையாது. ராஜபாளையம் வேட்டைக்கு வளர்ந்த இனம். முயலோ பூனையோ கண்ணில் பட்டால் பாய்ந்துவிடும், கூப்பிட்டு நிறுத்த வழியில்லை. திடலில் ஓடவிட ஆசையிருந்தால் பத்து மீட்டர் கயிறு கட்டுங்கள். கழுத்துப் பட்டையில் 'காது கேளாது' என்று எழுதி உங்கள் கைப்பேசி எண்ணையும் சேருங்கள். ஒரு சலங்கையும் கட்டுங்கள். அது உங்களுக்காக, குட்டி எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிய. ரோஜா நிற மூக்கும் காதுமடலும் உச்சிவெயிலில் வெந்துபோகும் என்பதால் நடை காலையிலும் மாலையிலும் போதும்.

காவலுக்கு என்று நினைத்து எடுக்காதீர்கள். கேட் ஓசைக்குக் குரைக்காது. ஒரு வசதி உண்டு: உங்கள் மாவட்டத்துத் தீபாவளிக்கு மற்ற நாய்கள் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது, இது பெரும்பாலும் அயர்ந்து தூங்கும்.

உறவினரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அதே தாயையும் தந்தையையும் மறுபடி இணைசேர்க்க வேண்டாம். குட்டிக்கும் வயது வந்ததும் கருத்தடை செய்துவிடுங்கள்.