பத்து வேண்டாம், மூன்று போதும்

கேள்வி: இப்போதுதான் சமைக்கப் பழகுகிறேன். தொடர்ந்து பார்க்க வேண்டிய சமையல் வலைத்தளங்கள் பத்து சொல்லுங்களேன். நிறையப் பேர் பார்க்கிறவையாக இருந்தால் நல்லது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பத்துத் தளம் பார்த்தால் பத்து விதமான சாம்பார்தான் குழப்பும். மூன்று போதும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கையை அடியோடு மறந்துவிடுங்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் அடுப்பைப் பற்றவைத்தார்கள் என்று அது சொல்லாது.

நம்மூர்ச் சமையலுக்கு ராக்ஸ் கிச்சன். ஆங்கிலத் தளம்தான், ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் உண்டு, பதம் கண்ணுக்குத் தெரியும். கேக், ரொட்டி என்றால் கிங் ஆர்தர் பேக்கிங். அமெரிக்க மாவு நிறுவனம் நடத்துவது. எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கு. ஒரு கப் மாவு 120 கிராம் என்பது அவர்கள் அட்டவணை. பாக்கெட்டுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் அதே கப் 150 கிராம் வரை போகும், கேக் இறுகிப்போக அதுவே போதும். அவர்களுடைய மாவில் புரதம் அதிகம், அதனால் தண்ணீரும் அதிகம் இழுக்கும். நம் மைதாவில் ரொட்டி செய்யும்போது தண்ணீரை முழுதாக ஊற்றிவிடாமல் கொஞ்சம் நிறுத்திவைத்துப் பிசையுங்கள். மூன்றாவது சீரியஸ் ஈட்ஸ். ‘இப்படிச் செய்’ என்பதோடு ‘ஏன்’ என்பதையும் விளக்கும்.

வேறு தளம் கண்ணில் பட்டால், முதலில் அதன் இட்லி மாவுக் குறிப்பைத் திறந்து பாருங்கள். நாலுக்கு ஒன்று என்று அரிசி, உளுந்து அளவு மட்டும் இருந்தால் மூடிவிடலாம். அது கிரைண்டருக்கான கணக்கு. மிக்ஸியில் உளுந்து அவ்வளவு பொங்காது. மூன்றுக்கு ஒன்று வேண்டும், ஐஸ் தண்ணீர் தெளித்து, இடைவெளி விட்டு விட்டு அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாவு சூடேறிவிடும். உளுந்து அரைபட்டதா என்பதற்குச் சோதனை சொல்கிறார்களா? ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். ‘இரவு முழுக்கப் புளிக்க விடவும்’ என்று எழுதுகிறவர் எந்த ஊர் இரவைச் சொல்கிறார்? மே மாதத் திருச்சியில் ஆறேழு மணி நேரத்திலேயே பொங்கி வழியும். டிசம்பர் ஊட்டியில் விடிந்த பிறகும் அப்படியே கிடக்கும். மணிக்கணக்கோடு, மாவு எவ்வளவு உயர வேண்டும் என்பதையும் எழுதுகிறவரே நம்பத் தக்கவர்.

கப் என்றால் எத்தனை மில்லி என்று தளத்தில் எங்காவது இருக்க வேண்டும். அமெரிக்கக் கப் 240, ஆஸ்திரேலியக் கப் 250, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. ஆஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற பல நாடுகளில் 15. உப்பும் காரமும் இந்த வித்தியாசத்தில்தான் கெடுகின்றன.

‘வெங்காயத்தை 5 நிமிடம் பொன்னிறமாக வதக்கவும்’ என்று எழுதியிருந்தால், எழுதியவர் கடிகாரம் பார்க்கவில்லை. இரண்டு பெரிய வெங்காயம் மிதமான தீயில் பொன்னிறமாக 15 நிமிடமாவது ஆகும். ஐந்தில் நிறுத்திவிட்டுத் தக்காளியைப் போட்டால் குருமாவில் பச்சை வாடை போகாது. ‘நான்கு விசில்’ என்பதும் அரைகுறைக் கணக்குதான்: குக்கரின் அளவும் தீயும் மாறினால் விசில் வரும் நேரமும் மாறும். முதல் விசிலுக்குப் பிறகு சிறு தீயில் எத்தனை நிமிடம் என்று சொல்லும் குறிப்பைத் தேடுங்கள்.

ஒன்றில் மட்டும் தாட்சண்யமே வேண்டாம். ஊறவைத்த ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போடச் சொல்லும் தளத்தை அன்றோடு விட்டுவிடுங்கள். அந்தப் பயற்றிலுள்ள நச்சு அவ்வளவு குறைந்த சூட்டில் அழியாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரை கொண்டுபோகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மெதுவான சூட்டுக்கு மாற்ற வேண்டும். பிரஷர் குக்கரில் முழுதாக வேகவைத்தால் இந்தக் கவலை இல்லை.