ஊசி நடுவில் நின்றால் போதுமா? காக்பிட் ரேடியோ கேள்வி பதில்

விமான மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்று, இப்போது காட்பாடியில் இருக்கிறேன். காக்பிட்டில் உள்ள ரேடியோ, வழிகாட்டிக் கருவிகள், டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்குத் தானாகப் பதில் சொல்லும் பெட்டி) பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி வேலூரின் அப்துல்லாபுரம் விமான நிலையத்தைப் பற்றி. சரி, தொடங்குவோம்.

குடியாத்தம்: சிமுலேட்டரில் பழகுகிறேன் சார். வி.ஓ.ஆர். (தரை நிலையத்தின் ரேடியோ அலையை வைத்து வழி காட்டும் கருவி) போட்டால் ஊசி நடுவில் நிற்கிறது, விமானம் எங்கோ போகிறது. என்ன தப்பு?

மூன்று இடத்தில் தப்பு நடக்கலாம். முதலில், நிலையத்தைப் பிடிக்கும் நேவ் பெட்டியில் இரண்டு அலைவரிசை எண்கள் தெரியும். ஒன்று உபயோகத்தில் இருப்பது, மற்றது காத்திருப்பது. குமிழைத் திருப்பினால் மாறுவது காத்திருக்கும் எண். இரட்டை அம்புப் பொத்தானை அழுத்தினால்தான் அது வேலைக்கு வரும். பாதிப் பேர் இங்கேயே கோட்டை விடுகிறார்கள்.

அடுத்து, ஐடென்ட், அதாவது நிலையத்தின் அடையாள ஒலி. ஒலிக்குமிழை வெளியே இழுத்தால், சில பெட்டிகளில் ஐடென்ட் பொத்தானை அழுத்தினால், நிலையத்தின் பெயரெழுத்துகள் மோர்ஸில் கேட்கும். வரைபடத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நிலையம் பராமரிப்பில் இருந்தால் அந்த ஒலியை எடுத்துவிடுவார்கள். அலை மட்டும் வந்துகொண்டிருக்கலாம், ஊசியும் சமர்த்தாக நிற்கும். ஐடென்ட் கேட்காமல் ஊசியை நம்பாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் பலமுறை சொல்வேன்.

மூன்றாவது, எந்தத் திசைக்கோட்டில் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஓ.பி.எஸ். குமிழ். நிலையம் வேலூர்க் கோட்டைக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் நேர் கிழக்கே ராணிப்பேட்டைக்கு மேலே, அதாவது 090 ரேடியலில் (நிலையத்திலிருந்து 90 டிகிரி திசையில் போகும் கோட்டில்). ஓ.பி.எஸ்.ஸில் 270 வைத்தால் ஊசி நடுவில் வந்து 'டு' (நிலையத்தை நோக்கி) காட்டும். 090 வைத்தாலும் நடுவில்தான், ஆனால் 'ஃப்ரம்' (நிலையத்திலிருந்து விலகி). உங்கள் மூக்கு எந்தத் திசையில் என்பது அந்த ஊசிக்குத் தெரியாது. 090 வைத்துக்கொண்டு மேற்கே வேலூருக்குப் பறந்தால் எல்லாம் தலைகீழ்: ஊசி இடப்பக்கம் போனால் நீங்கள் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நீங்கள் ஊசியைத் துரத்த, அது விலகிக்கொண்டே போகும். உங்கள் கதை இதுதான் என்று நினைக்கிறேன்.

வாலாஜா: வேலூரில் விமானம் எப்போது இறங்கும் ஐயா?

அதற்கு என்னிடம் குமிழ் இல்லை.

காட்பாடி, பொறியியல் மாணவர்: மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து 1090 மெகாஹெர்ட்ஸ் பிடிக்கிறேன். டிரான்ஸ்பாண்டர் சொல்லும் உயரமும் ஜி.பி.எஸ். உயரமும் ஒத்துப்போகவில்லையே சார்?

நல்ல கேள்வி தம்பி. தரையிலுள்ள ரேடார் 1030இல் கேட்கும், டிரான்ஸ்பாண்டர் 1090இல் பதில் சொல்லும். 'ஆல்ட்' நிலையில் இருந்தால் பதிலோடு உயரமும் போகும். அது காற்றழுத்தத்திலிருந்து கணக்கிட்ட உயரம், அதுவும் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாக வைத்து. விமானி தன் உயரமானியில் அன்றைய அழுத்தத்தைத் திருப்பி வைத்தாலும், வெளியே போகும் எண் மாறாது. வங்கக் கடலில் புயல் சின்னம் உருவாகி அழுத்தம் 1000க்கு இறங்கினால், தாழப் பறக்கும் விமானத்துக்கே ஏறக்குறைய 400 அடி கூடுதலாகக் காட்டும். எல்லா விமானமும் ஒரே அளவுகோலில் சொல்வதால் ஒன்றுக்கொன்று இடைவெளி பார்க்கச் சிக்கல் இல்லை.

ஆரணி: டிரான்ஸ்பாண்டரில் வைக்கும் 7500, 7600, 7700 என்றால் என்ன?

கடத்தல், ரேடியோ பழுது, அவசரநிலை. ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரைதான், ஆக மொத்தம் 4096 குறியீடுகள். நிஜ விமானத்தில் விளையாட்டுக்குக்கூட இவற்றைத் தொடாதீர்கள்.

ஆம்பூர்: அதனால்தான் குறியீடு மாற்றும்போது ஸ்டான்ட்பையில் போடச் சொல்லி என் பயிற்சியாளர் கற்றுக்கொடுத்தார்.

வேண்டாம். ஸ்டான்ட்பையில் போட்டால் டிரான்ஸ்பாண்டர் வாயை மூடிக்கொள்ளும். பக்கத்து விமானத்தின் மோதல் தடுப்புக் கருவிக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். வரிசை பார்த்துத் திருப்பினால் போதும். 2700இலிருந்து 7200 போக வேண்டுமா? முதல் இலக்கத்தை முதலில் தொட்டால் 7700 ஆகிவிடும். இரண்டாவதை முதலில் மாற்றி 2200 ஆக்குங்கள், அப்புறம் 7200.

ஆம்பூர் மறுபடியும்: நாலு நொடி மறைந்தால் குடியா முழுகிவிடும்?

விமான நிலைய ரேடார் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய அந்த நாலைந்து நொடிதான். ஒரு சுற்று போச்சு. அதைவிட, மாற்றி முடித்ததும் திரும்ப 'ஆல்ட்'டில் வைக்க மறப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு எத்தனை சுற்று?

ராணிப்பேட்டை: எண் பொத்தான் உள்ள புதிய பெட்டிகள் பலவற்றில் நாலாவது இலக்கம் அழுத்திய பிறகுதான் குறியீடே மாறும். இந்தச் சண்டை எதற்கு?

அப்படிச் சொல்லுங்கள்.

ஆம்பூர்: பயிற்சியாளர் சொல்லை மீறலாமா?

உங்கள் விமானத்தின் கையேட்டில் அப்படி இருந்தால் அதன்படி செய்யுங்கள். வாய்வழி வந்த பழக்கம் என்றால் விட்டுவிடுங்கள். ஆம்பூருக்கு இத்தோடு போதும், மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

அரக்கோணம்: கடற்படையின் ராஜாளி விமானத் தளத்தில் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?

இதற்கு இங்கே பதில் கிடையாது.

திருப்பத்தூர்: ஊசி நடுவில் இருக்கிறது, ஆனால் விமானம்...

குடியாத்தத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். ஐடென்ட் கேட்டீர்களா?

சத்துவாச்சாரி: நிலையத்துக்கு நேர் மேலே வந்தும் டி.எம்.இ. (நிலையத்துக்கு உள்ள தூரம் காட்டும் கருவி) பூஜ்யம் காட்டவில்லை. பழுதா?

இல்லை. அது சாய்வுத் தூரம், உங்கள் உயரமும் அதில் சேரும். 6000 அடி உயரத்தில் நேர் மேலே இருந்தால் ஒரு நாட்டிகல் மைல் காட்டும்.

சோளிங்கர்: ஏ.டி.எஃப்.பில் (நிலையம் இருக்கும் பக்கம் ஊசியைத் திருப்பும் கருவி) வானொலி நிலையம் பிடிக்கலாமா அண்ணா?

பிடிக்கலாம். சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸை வைத்தால் பாட்டும் கேட்கும், ஊசியும் அந்தப் பக்கம் திரும்பும். ஆனால் பக்கத்தில் இடி மின்னல் இருந்தால் ஊசி மேகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். இன்னொன்று: வி.ஓ.ஆரில் அலை போனால் சிவப்புக் கொடி விழும், பல ஏ.டி.எஃப். கருவிகளில் கொடியே கிடையாது. நிலையம் செத்துப்போனாலும் ஊசி அப்படியே நிற்கும். அதனால் வழி பார்க்கும்போது ஒலியைக் குறைத்து வைத்தாவது ஐடென்டைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மேல்விஷாரம்: அப்துல்லாபுரம்...

வாலாஜாவைக் கேளுங்கள்.

பேரணாம்பட்டு: டிரான்ஸ்பாண்டரில் உள்ள ஐடென்ட் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும்?

பிடிக்கவே வேண்டாம். ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கேட்டால் ஒருமுறை தட்டிவிட்டுக் கையை எடுங்கள், ரேடார் திரையில் உங்களைத் தனித்துக் காட்டும் சைகையை சுமார் 18 நொடிக்கு அது தானே அனுப்பும். கேட்காதபோது தட்டினால், வேறு யாரையோ தேடும் கட்டுப்பாட்டாளர் உங்களை அவராக நினைத்துக்கொள்வார்.