கல்லூரிகளுக்கு 'ஒட்டுமொத்த விளையாட்டுக் கோப்பை' எப்படிக் கொடுக்கிறார்கள்?

சுங்கை சிப்புட்டில் பக்கத்து வீட்டுத் தம்பி அமெரிக்காவில் படிக்க மனுப் போடும்போது கேட்டது: "காற்பந்தில் பெரிதாக ஜெயிக்காத கல்லூரிக்கு எப்படிண்ணே முதலிடம்?"

அங்கே டைரக்டர்ஸ் கப் என்றொரு கோப்பை, 1993-94 முதல் இருக்கிறது. ஒரு விளையாட்டில் தேசிய வெற்றியாளருக்கு 100 புள்ளி. அடுத்தடுத்த இடங்களுக்குப் படிப்படியாகக் குறையும். சில விளையாட்டுகளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்; மற்றவற்றில் கல்லூரிக்கு அதிகப் புள்ளி தந்தவற்றை, ஒரு வரம்புவரை கூட்டுவார்கள். ஆண்கள், பெண்கள் இரண்டு பக்கமும் சேரும்.

நம் தோட்டப் பள்ளி விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். நூறு மீட்டரில் சிவப்பு இல்லத்துப் பையன் பறப்பான், திடலே அலறும். ஆனால் சாயங்காலம் கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் கூட்டும்போது, குண்டு எறிதலிலும் கயிறு இழுத்தலிலும் சத்தமில்லாமல் இரண்டாவது, மூன்றாவது வந்த பச்சை இல்லம் மேலே நிற்கும். (எங்கள் இல்லம் மஞ்சள். அதை விடுங்கள்.)

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 1994-95 முதல் 2018-19 வரை தொடர்ந்து 25 முறை வென்றது இப்படித்தான். அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட அணிகள்.

தொலைக்காட்சியில் அதிகம் காட்டும் விளையாட்டுக்குக் கூடுதல் புள்ளி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நீச்சலில் முதலிடம் வந்தாலும் அதே 100தான்.