1430 மதிப்பெண்ணை அனுப்பலாமா, வேண்டாமா?

அமெரிக்காவில் ஒரு சிறிய ஊரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "என் மகள் பதினோராம் வகுப்பு முடிக்கப் போகிறாள். அரசுப் பள்ளி. வகுப்பில் முதல் ஐந்து பேருக்குள் இருக்கிறாள். எஸ்.ஏ.டி. என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை இரண்டு முறை எழுதி 1600-க்கு 1430 எடுத்திருக்கிறாள். டார்ட்மவுத், பிரவுன், கொலம்பியா, யு.சி.எல்.ஏ. அவள் பட்டியலில் இருக்கின்றன. ஒரு கன்சல்டன்ட், '1550 இல்லாமல் விண்ணப்பித்தால் வீண், 6,000 டாலர் கட்டுங்கள், 1550-க்கு நான் கியாரண்டி' என்கிறார். இன்னொருவர், 'மதிப்பெண்ணையே அனுப்பாதீர்கள்' என்கிறார். யார் சொல்வது சரி?"

சகோதரி, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. முதலில் அந்த 6,000 டாலரைக் கட்டாதீர்கள். மீதியைப் பிறகு பேசுவோம்.

உங்கள் பட்டியலிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யு.சி.எல்.ஏ. உட்பட கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் எந்த வளாகமும் சேர்க்கை முடிவுக்கு எஸ்.ஏ.டி.யைப் பார்ப்பதில்லை. 1600 எடுத்து அனுப்பினாலும் அவர்களுக்கு அது பொருட்டில்லை. டார்ட்மவுத்தும் பிரவுனும் 2024-ல் தேர்வைத் திரும்பக் கட்டாயமாக்கிவிட்டன. அங்கே அனுப்பித்தான் ஆக வேண்டும், மறைக்க வழியில்லை. ஆக, அனுப்பலாமா என்ற கேள்வி கொலம்பியாவுக்கு மட்டும்தான். அங்கே அனுப்புவது மாணவர் விருப்பம்.

இவ்வளவு எளிய விஷயத்தை ஒரு தாய் பணம் கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தது கல்லூரிகள்தான். 2020-ல் கோவிட் வந்ததும் ஏறக்குறைய எல்லோரும் தேர்வு கட்டாயமில்லை என்றார்கள். 2022-ல் எம்.ஐ.டி. திரும்பியது. 2024-ல் டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் என்று ஒவ்வொன்றாகத் திரும்பின. ஒவ்வொருவருக்கும் ஒரு விதி, அதற்கு ஒரு விதிவிலக்கு, அடுத்த வருடம் அதிலும் ஒரு மாற்றம். வேலைக்குப் போகிற ஒரு தகப்பனோ தாயோ இதையெல்லாம் எப்படித் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியும்? இந்தக் குழப்பம்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது. விண்ணப்பிக்கும் முன்னால் அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்தில் அந்த வருடத்துக்கான விதியை நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள்.

சரி, மதிப்பெண்ணுக்கு எவ்வளவு மதிப்பு? ஹார்வர்டு சேர்க்கையில் இனப் பாகுபாடு என்று தொடரப்பட்ட வழக்கில் நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கைச் சொல்கிறேன். 2015-ல் சேர்ந்த வகுப்புக்கு உள்நாட்டிலிருந்து மட்டும் சுமார் 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் கணிதத்தில் முழு 800 வாங்கியவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். ஆங்கிலப் பகுதியில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் ஏறக்குறைய 2,700 பேர். பள்ளியில் முழு ஜி.பி.ஏ. (பாடங்களின் சராசரி மதிப்பெண்) வைத்திருந்தவர்கள் எட்டாயிரத்துக்கும் மேல். இருந்த இடமோ சுமார் 1,600. முழு மதிப்பெண்ணை மட்டும் வைத்து அந்த வகுப்பை நிரப்பியிருந்தாலும் பாதிப் பேருக்கு மேல் வெளியேதான் நின்றிருப்பார்கள்.

நான் பல வருடம் விண்ணப்பங்களைப் படித்தவன். இந்தப் பாடச்சுமையை இந்தப் பிள்ளை தாங்குமா என்ற ஒரு கேள்விக்குத்தான் மதிப்பெண் பதில் சொல்கிறது. அதற்குப் பதில் கிடைத்ததும் எடுத்த பாடங்கள், ஆசிரியர் கடிதம், கட்டுரை என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். 1520-க்கும் 1550-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி யாரும் விவாதித்து நான் கேட்டதில்லை. பொறியியல் கேட்கிற பிள்ளைக்குக் கணிதப் பகுதியைத் தனியாகப் பார்ப்பார்கள். எம்.ஐ.டி.யில் எந்தத் துறை எடுத்தாலும் கால்குலஸும் இயற்பியலும் கட்டாயம் என்பதால் அங்கே அது இன்னும் கறாராக இருக்கும்.

அடுத்தது, இங்கே சேர்ந்தவர்களின் மதிப்பெண் என்று கல்லூரிகள் காட்டி, பெற்றோரைப் பயமுறுத்துகிற '1500 முதல் 1560 வரை' போன்ற எண். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற ஓர் ஆவணம் வெளியிடுகின்றன. கல்லூரி பெயரோடு இந்த மூன்று சொல்லையும் சேர்த்துத் தேடினால் கிடைத்துவிடும். அதில் சி9 என்ற பகுதிக்குப் போங்கள். கீழ் எல்லை, நடு எண், மேல் எல்லை என்று இருக்கும். எல்லோரும் அதோடு மூடிவிடுகிறார்கள். பக்கத்திலேயே, சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்.ஏ.டி. மதிப்பெண் கொடுத்தார்கள் என்றும் இருக்கிறது. அது 55 என்று வைத்துக்கொள்வோம். மீதி 45 சதவீதத்தில், ஏ.சி.டி. என்ற மாற்றுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொடுத்தவர்கள் போக, மற்றவர்கள் எண்ணே காட்டாமல் உள்ளே போயிருக்கிறார்கள். குறைவாக எடுத்தவர்கள்தானே காட்டாமல் விடுவார்கள்? அப்படியானால் அந்த 1500 ஊதிப்போன எண். மதிப்பெண் கொடுத்தவர்களிலேயே கால்வாசிப் பேர் அதற்குக் கீழே இருக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. பள்ளி கவுன்சிலர் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஸ்கூல் ப்ரொஃபைல் என்று ஒன்றிரண்டு பக்கம் அனுப்புவார். அந்தப் பள்ளியில் கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்கள் எத்தனை உண்டு, எத்தனை பேர் கல்லூரிக்குப் போகிறார்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். பல பள்ளிகள் சராசரி எஸ்.ஏ.டி.யையும் போடுவார்கள். விண்ணப்பத்தைப் படிக்கிற அதிகாரி உங்கள் மகளின் 1430-ஐ அந்தப் பக்கத்தோடு சேர்த்துத்தான் பார்ப்பார். சராசரி 1050 இருக்கிற பள்ளியிலிருந்து வருகிற 1430-ம், சராசரி 1400 இருக்கிற பள்ளியிலிருந்து வருகிற 1430-ம் ஒரே எண்தான், ஆனால் ஒரே செய்தி அல்ல. டார்ட்மவுத் தேர்வைத் திரும்பக் கொண்டுவந்ததற்கே இது ஒரு காரணம். அவர்களுடைய பேராசிரியர்கள் ஆராய்ந்தபோது, வசதி குறைந்த பின்னணியிலிருந்து வந்த பிள்ளைகள் 1400-ஐ ஒட்டிய மதிப்பெண்ணைக் குறைவு என்று நினைத்து மறைத்திருந்தார்கள். காட்டியிருந்தால் அதுவே கைகொடுத்திருக்கும். 'அனுப்பாதீர்கள்' என்று உங்களிடம் சொன்னவர் உங்கள் பள்ளி எது என்றாவது கேட்டாரா?

மூன்றாவது முறை எழுதலாமா என்றால், ப்ளூபுக் செயலியில் இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. உண்மையான தேர்வு நடப்பதும் அதே செயலியில்தான். கான் அகாடமியில் பயிற்சியும் இலவசம். நேரம் வைத்து இரண்டு மாதிரித் தேர்வு எழுதட்டும். இரண்டிலும் 1490-க்கு மேல் வந்தால் ஆகஸ்டில் ஒரு முறை எழுதலாம். வரவில்லையென்றால் அதோடு விட்டுவிடுங்கள். பத்து இருபது மதிப்பெண் ஏறி இறங்குவது எல்லோருக்கும் நடக்கும். சில மாநிலப் பல்கலைக்கழகங்களில் மட்டும் மதிப்பெண் நேரடியாக ஸ்காலர்ஷிப் பணமாக மாறும், அங்கே இன்னொரு முயற்சிக்கு அர்த்தம் உண்டு.

இப்போது அந்த கியாரண்டிக்கு வருகிறேன். சென்ற வருடம் ஒரு பையனை என்னிடம் கூட்டிவந்தார்கள். ஒரு கோச்சிங் நிலையம் தானே தயாரித்த முதல் தேர்வில் அவனுக்கு 1180 போட்டிருந்தது. பயிற்சிக்கு ஒரு நாள்கூடப் போவதற்கு முன்னால், வீட்டில் ப்ளூபுக்கில் உட்கார வைத்தோம். 1320 வந்தது. அந்த 140-ம் பிறகு 'எங்கள் பயிற்சியால் உயர்ந்தது' என்று விளம்பரத்தில் ஏறியிருக்கும். முதல் தேர்வைக் கடினமாக வைத்து எண்ணைக் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். கியாரண்டி படிவத்தின் பொடி எழுத்தைப் படித்தால், ஒரு வகுப்பு தவறினாலும் பணம் திரும்பாது என்று இருக்கும். காசு கொடுத்துப் பயிற்சி எடுப்பதால் சராசரியாக ஏறுவது சுமார் 30 மதிப்பெண்தான் என்று கல்லூரி ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 2009-லேயே வெளியிட்ட ஆய்வு சொன்னது. 120 மதிப்பெண்ணுக்கு ஒருவர் எப்படி உறுதி கொடுக்க முடியும்?

'உள்ளே ஆள் இருக்கிறது' என்று பேசுகிறவர் பக்கமே போகாதீர்கள். ரிக் சிங்கர் என்ற தரகர் தேர்வு மையத்தில் ஆள் வைத்து விடைகளைத் திருத்தியது 2019-ல் வெளியே வந்தது. அவருக்கு மூன்றரை வருடம் சிறை, பணம் கொடுத்த பெற்றோர் பலரும் சிறைக்குப் போனார்கள். அப்புறம், பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கிற காமன் ஆப் தளத்தில் உங்கள் மகள் கணக்கின் பாஸ்வேர்டை எந்த கன்சல்டன்ட் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அந்த விண்ணப்பத்தில் உண்மை என்று உறுதி கொடுப்பது உங்கள் மகள்தான், அவர் இல்லை.

இந்த வாரம் பள்ளி கவுன்சிலரிடம் ஸ்கூல் ப்ரொஃபைலைக் கேட்டு வாங்குங்கள். சராசரி 1200-க்குக் கீழே இருந்தால் கொலம்பியாவுக்கும் 1430-ஐ அனுப்பட்டும். 1350-க்கு மேல் இருந்தால் கொலம்பியாவுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.