இடி மேகத்துல இருந்து காமா கதிர் வருமா?

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர்ல யீஷூன்ல 14ஆவது மாடில இருக்கோம். இடி மேகத்துக்குள்ள இருந்து எக்ஸ்ரே மாதிரி கதிர் வருதுன்னு மகன் படிச்சுட்டு வந்து, வானம் இருட்டினாலே சன்னலச் சாத்துறான். நிசமாவா? - யீஷூன் வாசகி

பதில்: தங்கச்சி, பையன் படிச்சது நிசம்தான்மா. தூரத்து விண்வெளில வெடிக்கிறதப் பாக்க நாசா காம்ப்டன்னு ஒரு செயற்கைக்கோள் விட்டாங்க, அதுல கீழ நம்ம பூமில இருந்தே காமா கதிர் (எக்ஸ்ரே மாதிரிதான், ஆனா சக்தி இன்னும் அதிகம்) பளிச்சுனு வந்து மறையுறது பதிவாச்சு, அதுவும் இடி மழை பெய்யுற எடத்துக்கு மேலயே, 1994ல இத வெளியிட்டாங்க.

எப்படி வருதுன்னா, மேகத்துக்குள்ள ஐஸ் துண்டுங்க ஒண்ணோட ஒண்ணு மோதி மோதி மின்னேத்தம் சேருது, அங்க வேகமா போற ஒரு எலக்ட்ரான் மாட்டிச்சுன்னா காத்து அத நிறுத்துறதுக்குள்ள மேகத்தோட மின்புலம், அதாவது அந்த மின்னேத்தத்தோட தள்ளுவிசை, இன்னும் வேகமா தள்ளிடும், அது நாலஞ்ச தட்டிவிட, அதுங்க இன்னும் பலத தட்டிவிட, இப்படியே கோடிக்கணக்குல பெருகி, காத்துல இருக்கிற அணுக்கள் பக்கத்துல வளைஞ்சு வேகம் குறையும்போது காமா கதிரா கொட்டுது. எலக்ட்ரான் இப்படி ஓடும்னு சி.டி.ஆர். வில்சன்ங்கற விஞ்ஞானி 1925லயே சொல்லிட்டாருங்கறதுதான் எனக்கு பெரிய ஆச்சரியம்!

நம்ம ஊட்டிலயும் வேல நடந்திருக்கு. அங்க கிரேப்ஸ்-3னு ஒரு ஆய்வுக்கூடம், வானத்துல இருந்து வர்ற மியூவான் துகள எண்ணுவாங்க, 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஒரு இடி மேகம் கடந்தப்ப அதோட மின்புலம் துகளோட சக்தியக் கொறச்சதால எண்ணிக்கை கொறஞ்சுது, அத வச்சு கணக்கு போட்டா மேகத்துக்குள்ள 130 கோடி வோல்ட்!

சரி, உங்க வீட்டுக்கு வருவோம். நம்ம பக்கம் இந்தக் கதிர் பெரும்பாலும் பத்து கிலோமீட்டர் உயரத்துல உருவாகுது, கீழ வர்றதுக்குள்ள நடுவுல இருக்கிற காத்தே விழுங்கிடும். ஜப்பான்ல குளிர்காலத்துல மேகம் ரொம்பத் தாழ்வா இருக்கும், அதனால 2017ல காஷிவாசாக்கில தரைல வச்ச கருவிலயே பதிவாச்சு. இங்க கதிர் உருவாகுற பகுதி அவ்ளோ தாழ்வா இருக்காது. சன்னல் சாத்துறது சாரலுக்கு நல்லது, கதிருக்குத் தேவையில்ல.

பயப்பட வேண்டியது மின்னலுக்குத்தான்மா, வருஷத்துல கிட்டத்தட்ட பாதி நாள் இடி இடிக்கிற ஊரு இது. திடல்ல பந்து விளையாடும்போது இடி கேட்டா உடனே பக்கத்து புளோக்குக்குள்ள ஓடச் சொல்லுங்க, மரத்தடில ஒதுங்கவே கூடாது. அந்த ஊட்டி விஷயத்தையும் பையன்கிட்ட சொல்லுங்க, இவ்ளோ ஆர்வமா படிக்கிற பிள்ளைக்கு ரொம்பப் பிடிக்கும்.