வராதவருக்கும் புரியும்படி எழுதுங்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. கோத்தகிரியில் மருந்தாளுநராக இருக்கிறேன். மாவட்ட அளவில் நாங்கள் நடத்தும் சிறிய மருந்தாளுநர் சங்கத்துக்கு இந்தச் சித்திரையில் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். செயற்குழுவில் 11 பேர். அதில் மூன்று பேர் பந்தலூர், கூடலூர்க்காரர்கள். மினிட்ஸில், அதாவது கூட்டக் குறிப்பில், பேசியதையெல்லாம் எழுதினால் "இதை ஏன் எழுதினாய்" என்கிறார்கள். சுருக்கி எழுதினால் "நான் சொன்னதை விட்டுவிட்டாய்" என்கிறார்கள். பழைய மினிட்ஸ் புத்தகம் முன்னாள் செயலாளர் வீட்டில் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோத்தகிரி

பதில்: ஊட்டியில் செவிலியராக வேலை பார்த்தபோது 14 ஆண்டுகள் எங்கள் சங்கத்தின் செயலாளராக இருந்தேன். அதனால் உங்கள் தவிப்பு நன்றாகப் புரிகிறது. எழுத உட்காரும்போது அந்தப் பந்தலூர்க்காரரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வரும் வழியில் நடுவட்டம் பக்கம் மண் சரிந்து அவரால் வர முடியவில்லை. அடுத்த வாரம் அவர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார். என்ன முடிவானது, எதற்காக, யார் செய்யப்போகிறார், எந்தத் தேதிக்குள்? இவ்வளவும் அவருக்குத் தெரிந்தால் போதும். யார் குரலை உயர்த்தினார் என்பது அவருக்கு வேண்டாம்.

"பயிற்சி வகுப்பு பற்றி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "தீர்மானம் 7: ஜூலை இரண்டாம் ஞாயிறு குன்னூரில் பயிற்சி வகுப்பு. செலவு ரூ.4,000-க்கு மிகாமல். பொறுப்பு: பொருளாளர்" என்று எழுதி, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரைப் போடுங்கள். ஒருவர் ஒத்துக்கொள்ளாமல், "என் மறுப்பைப் பதியுங்கள்" என்று கேட்டால் அவர் பெயரும் காரணமும் ஒரே வரியில் வரட்டும். அது அவர் உரிமை.

சண்டையைக் குறைக்க எனக்குக் கைகொடுத்தது ஒன்றுதான். ஒவ்வொரு தீர்மானமும் முடிந்தவுடன், அடுத்த பொருளுக்குப் போகும் முன்பே, எழுதியதைச் சத்தமாக வாசித்துவிடுவேன். ஆட்சேபம் இருந்தால் அப்போதே சொல்லிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதிய நாட்களில்தான் எனக்குத் தகராறு வந்தது.

ஒருமுறை கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களை மாற்ற வங்கிக்குப் போனோம். "புதிய நிர்வாகிகள் கையொப்பமிடலாம்" என்று மட்டும் எழுதியிருந்தேன். பெயர் இல்லை, பதவி இல்லை, கணக்கு எண் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி கூட்டம் கூட்டித் தீர்மானம் போடும்வரை மூன்று வாரம் ஒரு காசோலை போட முடியவில்லை. உதவித்தொகைக்காகக் காத்திருந்த ஒரு குடும்பத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதை இன்னும் மறக்கவில்லை.

உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது என்றால், நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளருக்குப் படிவம் 7-ல் தெரிவிக்க வேண்டும். சித்திரையில் மாறியிருக்கிறீர்கள், கொடுத்தாயிற்றா என்று முதலில் பாருங்கள். சங்கத்தின் சட்டதிட்டமான துணைவிதியைத் திருத்துவதானால் செயற்குழு தீர்மானம் போதாது, பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் வேண்டும்.

அப்புறம், கூட்டம் நடத்தும் விதம். கூடலூர் பக்கம் ஆனி, ஆடியில் மழை கொட்டும். உங்கள் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகைதான் கஷ்டம். இதைப் பார்த்துத் தேதியையும் இடத்தையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவுசெய்துவிடுங்கள். அஜெண்டாவை ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தூரத்து ஊர்க்காரர்கள் பேச வேண்டியதும், ஓட்டுக்கு விட வேண்டியதும் முதலில் வரட்டும். பனி இறங்கும் முன் பஸ் பிடிக்க வேண்டும் என்று மூன்று பேரும் எழுந்து போன பிறகு முக்கியமான தீர்மானம் போடுவது நியாயமே இல்லை. கூட்டம் செல்ல இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையான கோரமும் (quorum) இல்லாமல் போய்விடலாம். வீடியோவில் சேருகிறவரைக் கோரத்தில் எண்ணலாமா என்று உங்கள் துணைவிதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் பக்க எண் அச்சிட்ட கெட்டி நோட்டாக இருக்கட்டும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். நான் இங்க் பேனாவில் எழுதிய ஒரு வருஷத்துப் பக்கங்கள் நம் ஊர் ஈரத்தில் கசிந்து, பூசணமும் பிடித்துவிட்டன. தவறானால் ஒரே கோடு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள், தாளையும் கிழிக்காதீர்கள். தலைவர் கையெழுத்தானதும் போனில் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

பழைய புத்தகத்துக்கு வருகிறேன். அந்த முன்னாள் செயலாளர் பல வருஷம் உழைத்தவராக இருப்பார். எடுத்த எடுப்பில் நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். தலைவரையும் கூட்டிக்கொண்டு, போகிற வழியில் கொஞ்சம் வர்க்கி வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். உட்கார்ந்து பழைய கதையைக் கேளுங்கள். கிளம்பும்போது எத்தனை நோட்டு, கடைசித் தீர்மான எண், முத்திரை, ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் எழுதி ஒப்படைப்புச் சீட்டு இரண்டு பிரதி தயார் செய்யுங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.